பத்து அங்குலம்

ஜூன் 12

மதிப்புக்குரிய சம்பந்தி அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அங்கே அண்ணி, மாப்பிள்ளை, என் மகள் எல்லோரும் நலம்தானே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நடந்த கூத்தை இன்னொரு முறை நடத்த எனக்குத் தெம்பு இல்லை. நான் "ஷட்டர் சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டேன். நீங்கள் "சட்டையா? தச்சுட்டா பையன்கிட்ட கொடுத்தனுப்புங்க" என்றீர்கள். மறுபடி கத்திச் சொன்னேன். "எதுக்கும்மா கத்துறீங்க, நான் என்ன செவிடா?" என்று போனை வைத்துவிட்டீர்கள். முப்பது வருஷமாகப் பட்டறையில் இரும்பு அடித்த காது. குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு ஊர் விஷயத்தை அந்தக் காதை நம்பி விட முடியாது. இனி எழுத்தில் வைத்துக்கொள்வோம். பால் வண்டிக்காரர் தினமும் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் போய் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையைப் பசை போட்டு ஒட்டினால் ஆவி காட்டிப் பிரித்துவிடலாம். அதனால் சுற்றித் தையல் போட்டிருக்கிறேன்.

மே மாதக் கூட்டத்தில் பேசி முடித்ததாக நான் நினைத்துக்கொண்டிருப்பது இது. தப்பாக இருந்தால் சொல்லுங்கள். இப்போதெல்லாம் மழை மாதக்கணக்கில் வராமல் இருக்கிறது, வந்தால் மூன்றே நாளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. முந்தின வருஷம் உங்கள் ஊர் முழுகியது. நீங்கள் கரையை உயர்த்தினீர்கள். போன வருஷம் அந்தத் தண்ணீர் கீழே இறங்கி எங்கள் தெருவுக்கு வந்தது. முப்பத்தொரு வீடு. என் தையல் மிஷின் இரண்டும் சேற்றில். அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அதற்கப்புறம்தான் நாமே உட்கார்ந்து பேசினோம். ஆற்று வளைவில் உங்கள் பக்கம் தண்ணீரைத் திருப்பிவிட மதகு மாதிரி ஒரு ஷட்டர் வைப்பது. பழைய பாலத்தடியில் ஓர் அளவுக் கம்பம் நடுவது. பாலத்தின் அடிக்கல்லில் இருந்து ஒன்பது அடிக்குத் தண்ணீர் ஏறினால் ஷட்டரைத் திறந்து, உங்கள் ஊரின் நாற்பது ஏக்கர் பள்ள நிலத்தில் விட்டுவிடுவது. அங்கே இரண்டு நாள் நின்று வடிந்தால் எங்கள் ஊர் தப்பும். பதிலுக்கு அந்த நிலத்துக்கு வடிகாலை எங்கள் ஆட்கள் வெட்டித் தருவது, பயிர் முழுகினவர்களுக்கு எங்கள் மேட்டு நிலத்தில் ஒரு போகம் பயிர் வைக்க இடம் கொடுப்பது.

எல்லாம் நியாயம்தான். ஆனால் கம்பம் உங்கள் ஊரில். ஷட்டர் உங்கள் பட்டறையில் தயாராகிறது. பூட்டு நீங்கள் செய்தது. சாவியும் உங்கள் இடுப்பில்தான் தொங்கும். உங்கள் ஊர்ச் சங்கத் தலைவரும் நீங்களே. எங்கள் கையில் இருப்பது மண்வெட்டி மட்டும். கம்பத்தைப் பார்த்து அளவு எழுதப்போவது யார் என்று எங்கள் சங்கம் கேட்கிறது. செயலாளர் என்ற முறையில் நானும் கேட்கிறேன்.

என் வீட்டுக்காரர் "சம்பந்தி வீட்டோட எதுக்கு வம்பு" என்கிறார். வம்பு இல்லை அண்ணா. கேள்விதான்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 16

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு கடிதத்தைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடியது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. என் மனைவி "துணி ஏதும் அனுப்பியிருக்காங்களா?" என்று கேட்டாள். "இல்ல, சந்தேகம் அனுப்பியிருக்காங்க" என்றேன்.

கூட்டத்தில் பேசியதாக நீங்கள் எழுதியதெல்லாம் சரி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். போன வருஷம் தண்ணீர் ஏறின அன்று வளைவுக்குப் பக்கத்தில் எங்கள் கரை உடைந்தது. உடைந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் உடைத்தால் கரை கரைந்து சரியும். அங்கே ஓரம் நேராக இருந்தது, மண்வெட்டி இறங்கின தடத்தோடு. காலடிகள் கீழ்ப்பக்கமாகப் போயிருந்தன. அந்த வழியாக வந்த தண்ணீரில் எங்கள் தெருவில் நான்கு வீடு விழுந்தது. "எங்கள் கையில் மண்வெட்டி மட்டும்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இது ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை.

அளவு எழுதுகிற ஆளைப் பற்றி எங்கள் சங்கம் நேற்றுக் கூடிப் பேசியது. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஒருவர் சொன்ன ஆளை இன்னொருவர் நம்பவில்லை. கடைசியில் என் மருமகள் என்று முடிவாயிற்று. உங்கள் மகள், எங்கள் மருமகள். இரண்டு ஊருக்கும் பொது. சம்பந்தம் பேச வந்த அன்று "கணக்குல இவளை அடிச்சுக்க ஆளில்ல" என்று நீங்கள்தான் பத்துத் தடவை சொன்னீர்கள். இப்போது உபயோகப்படட்டும். என் மகன் லாரியில் போனால் திரும்பி வர இரண்டு வாரம் ஆகிறது, அவளுக்கும் வீட்டில் பொழுது போகவில்லை.

இதிலும் குறை இருந்தால் தையல் போட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூலை 2

சம்பந்தி அண்ணனுக்கு,

கரையை யார் வெட்டினார்கள் என்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நான் கழுத்தளவுத் தண்ணீரில் மிஷினைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

என் மகள் பொதுவான ஆள் என்கிறீர்கள். மூன்று வேளையும் உங்கள் வீட்டில் சாப்பிடுகிறவள் எப்படிப் பொதுவாக இருப்பாள்? பொய் சொல்ல நான் அவளை வளர்க்கவில்லை. ஆனால் மாமனார் எதிரே நிற்கும்போது ஒரு பெண்ணுக்கு வாயில் எத்தனை வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவள்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு மாதமாக அவள் போனில் சரியாகப் பேசுவதில்லை. எது கேட்டாலும் "நல்லாயிருக்கேன்மா." சாப்பாடு? "நல்லாயிருக்கேன்மா." மாப்பிள்ளை எப்போ வருவார்? "நல்லாயிருக்கேன்மா." பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள். இருமல் கேட்டவுடன் இவள் போனை வைத்துவிடுகிறாள். என் மகளுடன் பேச எனக்கு யாருடைய அனுமதி வேண்டும் என்று தெரிந்தால் அவரிடமே கேட்டுக்கொள்வேன்.

அளவு எழுத அவளே இருக்கட்டும். ஒரு நிபந்தனை. காலை ஒன்று, மாலை ஒன்று என்று அவள் கையாலேயே நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தின் நகல் எனக்கு வர வேண்டும். அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். நடுங்கினாலும் தெரியும்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூலை 21

சம்பந்தியம்மாவுக்கு,

இருமுவது நான். போன் முன்னறையில் இருக்கிறது. நான் உட்காருவதும் முன்னறையில்தான். பட்டறைப் புகை நெஞ்சில் இருக்கிறது, அது இருமத்தான் செய்யும். இனி உங்கள் போன் வந்தால் தெருவில் போய் நின்று இருமுகிறேன், போதுமா?

வேலை எல்லாம் முடிந்தது. கம்பம் நட்டாகிவிட்டது. வெள்ளை அடித்து, அடிக்கு ஒரு கறுப்புக் கோடும் ஒன்பதில் சிவப்புக் கோடும் போட்டிருக்கிறேன். ஷட்டர் சக்கரத்தை ஒரு ஆள் திருப்பலாம், இரண்டு ஆள் இருந்தால் சுலபம். வடிகால் வெட்ட உங்கள் ஊரிலிருந்து அறுபது பேர் வந்தார்கள். நன்றாக வேலை செய்தார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர்களோடு வந்த உங்கள் ஊர் முடிதிருத்துபவர் மண் வெட்டியதைவிட எங்கள் வெங்காயத்தை எட்டிப் பார்த்ததுதான் அதிகம். "எத்தனை ஏக்கர்? எப்போ எடுப்பீங்க?" என்று ஒவ்வொரு வரப்பாக விசாரணை. பள்ள நிலத்தில் ஏழு ஏக்கர் வைத்திருக்கிற வெங்காயக்காரர் கடுப்பாகி, "உனக்கு முடி வெட்டணுமா, வெங்காயம் வெட்டணுமா?" என்று கேட்டுவிட்டார். நான்தான் நடுவில் போய் விலக்கினேன்.

என் மருமகள் தினமும் இரண்டு தடவை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்தடிக்குப் போகிறாள். நோட்டின் நகல் இத்துடன் இருக்கிறது. ஒரு விஷயம் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சில நாட்களின் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். என்ன அது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல மாமா" என்கிறாள். ஒன்றுமில்லாததற்கு யாரும் குறி போட மாட்டார்கள். தாயும் மகளும் பேசி வைத்த சங்கேதமா? எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே முணுமுணுக்கிறார்கள். "பொறந்த ஊருக்குத்தான் அந்தப் பொண்ணு கணக்கு எழுதுது" என்று என் காதுபடச் சொன்னார்கள். என் காதுக்கே கேட்டது என்றால் எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஆகஸ்ட் 11

சம்பந்தி அண்ணனுக்கு,

அந்தக் குறிகள் எனக்கும் புரியவில்லை. நீங்கள்தான் போடச் சொல்லியிருப்பீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் இரும்பு வாங்க டவுனுக்குப் போயிருந்தீர்கள். அண்ணி சொல்லியிருப்பார்கள். நல்ல டீ கொடுத்தார்கள். என் மகள் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. கைவேலை இல்லாதபோதும் கையில் எதையாவது வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "என்னடி?" என்றேன். "நல்லாயிருக்கேன்மா" என்றாள்.

அண்ணி சொல்லாதது, ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாதது, இது. அங்கிருந்து கிளம்பி நான் நேரே பஸ்ஸுக்குப் போகவில்லை. பாலத்தடிக்குப் போனேன். கெண்டைக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, அடிக்கல்லில் டேப்பின் நுனியை வைத்து, உங்கள் சிவப்புக் கோடு வரை அளந்தேன். ஒருமுறை அளந்து நம்பாமல் மூன்று முறை அளந்தேன். ஒன்பது அடி பத்து அங்குலம்.

அண்ணா, அளவெடுப்பது என் தொழில். அரை அங்குலம் தப்பினால் ரவிக்கை கை மாட்டாது, வாடிக்கைக்காரி என் முகத்தில் எறிவாள். பத்து அங்குலம் கைதவறி வருகிற தப்பு இல்லை. எங்கள் தெருவில் பத்து அங்குலம் என்றால் வாசற்படிக்கும் கட்டிலுக்கும் உள்ள தூரம். தண்ணீர் படியில் நின்றால் நாங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். கட்டிலுக்கு வந்தால் படுத்துக் கிடக்கிறவர்களைத் தூக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படிப் படுத்துக் கிடப்பவர்கள் நான்கு பேர்.

கோட்டை யார் போட்டது என்று நான் கேட்க மாட்டேன். நீங்களே போன கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஆகஸ்ட் 14

சம்பந்தியம்மாவுக்கு,

நான் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டில் டீ குடித்துவிட்டு, என் மனைவிக்கும் தெரியாமல், டேப்பை எடுத்துக்கொண்டு என் கம்பத்தை அளந்திருக்கிறீர்கள். ஊருக்குள் வேவு பார்க்க வந்தவர்களை நாங்கள் என்ன சொல்வோம் என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆற்று மணல் ஒவ்வொரு தண்ணீருக்கும் அரிக்கும், அடிக்கல் இறங்கும். உங்கள் டேப் எத்தனை வருஷத்துப் பழையது? துணி டேப் இழுத்தால் நீளும், அது உங்களுக்கே தெரியும். இரும்பு நீளாது. சந்தேகம் இருந்தால் இரண்டு சங்கத்தையும் கூட்டி எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அப்போது போன வருஷம் கரையை வெட்டிய மண்வெட்டி யாருடையது என்பதையும் எல்லார் முன்னாலும் பேசுவோம்.

சம்பந்தம் வேறு, சங்கம் வேறு. அளவு எழுதுகிற வேலையிலிருந்து என் மருமகளை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். அவளால் வீட்டுக்குள் நிம்மதி போயிற்று. மூன்று நாளாக என் மனைவி என்னிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இப்படிக்கு,
மேல் ஊர்ச் சங்கத் தலைவர்


செப்டம்பர் 3

மேல் ஊர்ச் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

எங்கள் சங்கம் நேற்றுக் கூடியது. கம்பத்தை இரு ஊரும் சேர்ந்து மறுபடி அளக்கும் வரை, எங்கள் மேட்டு நிலத்தில் உங்களுக்கு இடம் கொடுக்கும் பேச்சு நிறுத்தி வைக்கப்படுகிறது. அளக்க நீங்கள் நாள் குறிப்பிடவும்.

என் மகள் நோட்டு எழுதுவதை நிறுத்தினால் எனக்கு உடனே தெரிய வேண்டும். ஏன் நிறுத்தினீர்கள் என்பதை அவள் வாயால் நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கீழ் ஊர்ச் சங்கச் செயலாளர்


அக்டோபர் 30

அண்ணா,

செப்டம்பர் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. நாளும் குறிக்கவில்லை. போகட்டும், இப்போது அதைப் பேச வரவில்லை.

பாதையில் இன்னும் இடுப்பளவுத் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பால் வண்டி நான்கு நாளாக வரவில்லை. டிராக்டரில் சுற்றிக்கொண்டு ஒருவர் உங்கள் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுக்கிறேன். அவர் வண்டியில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். இருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக நானே வந்திருப்பேன்.

திங்கட்கிழமை காலையில் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தது. பெரியவர்களைப் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றிவிட்டு நாங்கள் வாசலில் நின்றோம். முதல் படி முழுகியது. இரண்டாம் படி முழுகியது. பதினொரு மணிக்கு நிலைப்படியைத் தொட்டது. தொட்டு, அப்படியே நின்றது. உள்ளே வரவில்லை. மத்தியானம் இறங்கத் தொடங்கியது. தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. நான் மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கோட்டுக்குத் தண்ணீர் ஏறும் வரை காத்திருந்து திறந்திருந்தால் அது எங்கள் கட்டில் வரை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் கோட்டுக்கு முன்னாலேயே யாரோ ஷட்டரைத் திறந்திருக்கிறார்கள். யார்?

டிராக்டர்காரர் சொல்கிறார், உங்கள் வீட்டைச் சுற்றிக் கூட்டம் நின்றதாம். உங்கள் மருமகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். யார் தூக்கினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை எந்த ஊரில் லாரியோடு மாட்டிக்கொண்டிருக்கிறாரோ, அவர் போன் எடுக்கவில்லை. என் மகள் போன் அடிக்கவே இல்லை. உங்களுக்குப் போட்டேன். "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் கேட்டது தண்ணீரைப் பற்றி இல்லை. "என் மக எங்க இருக்கா?" என்று கேட்டேன்.

அவளை என்ன செய்தீர்கள்?


நவம்பர் 1

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மகள் டவுன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். என் மனைவி கூட இருக்கிறாள். இதை முதலில் படித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மிச்சத்தைப் படியுங்கள்.

போனில் நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி வைத்துவிட்டேன். சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் டேப் சரியானது. என் கோடுதான் பொய். மே மாதம் ஒப்பந்தத்தில் பள்ள நிலத்துக்காரர்கள் யாரும் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. வெங்காயக்காரர்தான் அவர்களுக்கு வாய். "கோட்டைப் பத்து அங்குலம் ஏத்திப் போடு, நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடுறோம். கீழ இருக்கிறவங்க வந்தா அளக்கப் போறாங்க?" என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் ஷட்டரே இல்லை. ஒன்றுமில்லாததற்கு இது தேவலை என்று நினைத்தேன். ஒன்பது அடிக்குத் தண்ணீர் வருவது எப்போதாவது ஒருமுறை, அதற்கு மேல் வருமா என்ன என்றும் நினைத்தேன். கோடுகளை எல்லாம் பத்து அங்குலம் தள்ளி நானே பெயின்ட் அடித்தேன். உங்கள் கடிதம் வந்தபோது எனக்கு வந்த கோபம் பிடிபட்டவன் கோபம்.

மருமகளுக்கு இது ஜூலையிலேயே தெரிந்திருக்கிறது. கம்பத்தில் பார்த்ததை எழுதிவிட்டு, சில நாள் அடிக்கல்லிலிருந்து குச்சி வைத்தும் அளந்திருக்கிறாள். அளந்த நாளெல்லாம் இரண்டும் ஒத்துப்போகவில்லை, அந்த நாட்களுக்குத்தான் பெருக்கல் குறி. உங்களிடமும் சொல்லவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஏன் என்று கேட்டேன். "அம்மாகிட்ட சொன்னா நீங்க பொய்யர் ஆயிடுவீங்க. உங்ககிட்ட சொன்னா நான் அம்மாவோட ஆள் ஆயிடுவேன். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் நான் எங்க போய் நிக்கறது மாமா?" என்றாள். 

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது மணி இருக்கும். பட்டறைக்கு நனைந்தபடி வந்து நின்றாள்.

"மாமா, சாவி குடுங்க."

"எவ்வளவு இருக்கு?"

"கம்பத்துல எட்டு ரெண்டு. குச்சியில ஒன்பது."

"கோட்டுக்கு இன்னும் வரலையே."

"கோடு பொய்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தண்ணிக்கு மட்டும்தான் தெரியாது."

நான் கொடுக்கவில்லை. ஊர் என்ன சொல்லும், வெங்காயக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் கெஞ்சவில்லை. என் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வளைவுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. எனக்கு மனுஷக் குரல் சரியாகக் கேட்காது. இரும்பில் இரும்பு விழுகிற சத்தம் எங்கே இருந்தாலும் கேட்கும். பூட்டை அடித்துக்கொண்டிருந்தாள். அது நான் செய்த பூட்டு, உடையாது. உடையாது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. ஓடினேன். நான் ஓடிப் பத்து வருஷம் இருக்கும்.

பூட்டைத் திறந்து இரண்டு பேருமாகச் சக்கரத்தைத் திருப்பினோம். பாதியில் ஏதோ கட்டை வந்து ஷட்டர் பலகையில் மோதி, சக்கரம் திரும்பிச் சுழன்று அவள் கையில் அடித்தது. அவள் போன் தண்ணீரில் போனது அப்போதுதான். மிச்சத்தை நான் தனியாகத் திருப்பினேன். இடது கையால் அவளும் பிடித்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது நான்தான். பின்னாலேயே கூட்டம் வந்தது. "யார் திறந்தது? மருமகதானே?" என்று வெங்காயக்காரர் கேட்டார். "நான் திறந்தேன். கோட்டைத் தப்பாப் போட்டதும் நான்தான். யார் சொல்லிப் போட்டேன்னு இங்க வச்சுச் சொல்லவா?" என்றேன். அவர் திரும்பி நடந்தார். ஆனால் நாற்பது ஏக்கரும் போயிற்று. வெங்காயம் அழுகின நாற்றம் ஊரெல்லாம் அடிக்கிறது.

என்னைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டறைக்கு யாரும் வருவதில்லை. இந்தக் கடிதத்தை எந்தப் பதவியும் இல்லாமல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமனார்


நவம்பர் 7

சம்பந்தி அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். இரண்டு நாள் கூட இருந்தேன். அண்ணியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தூங்கினோம். முதல் நாள் என் மகள் மேல் எனக்கு ஆத்திரம். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "சொல்லியிருந்தா நீ மறுநாளே டேப்போட வந்து நின்னிருப்ப" என்றாள். சொல்லாமலே வந்து நின்றேன் என்பது வேறு விஷயம். அப்புறம் அழுதாள். வலியால் என்று நர்ஸ் நினைத்தாள்.

நேற்று எங்கள் கூட்டம் நடந்தது. உங்கள் பள்ள நிலத்துக்காரர்களுக்கு மேட்டு நிலத்தில் இடம் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. முடிதிருத்துபவர் எழுந்து, "கோட்டை ஏத்தி வச்சு நம்மளை முழுகடிக்கப் பார்த்தவங்களுக்கு நிலமா?" என்றார். பாதிப் பேர் கை தட்டினார்கள். அப்போது நான் எழுந்தேன். நான் எழுந்திருப்பேன் என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது.

அண்ணா, போன வருஷம் உங்கள் கரையை வெட்டியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். ஐந்து பேர். அவர்கள் மண்வெட்டியோடு கிளம்பினபோது நான் வாசலில் நின்று பார்த்தேன். எங்கே போகிறார்கள் என்று தெரிந்தது. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் மிஷினைத் தூக்கினேன் என்று எழுதினேனே, அது அதற்கு அப்புறம் நடந்தது. உங்கள் தெருவில் நான்கு வீடு விழுந்தது என்று நீங்கள் எழுதியபோது, பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதினேன். அந்த வரியை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். அந்த ஐந்து பேரும் அங்கேதான் இருந்தார்கள், ஒருவர் முடிதிருத்துபவர். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை, அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கை தூக்கச் சொன்னோம். கொடுக்கலாம் என்று முப்பத்தெட்டு, வேண்டாம் என்று பதினேழு. என் வீட்டுக்காரர் கையைப் பாதி தூக்கினார், அதையும் கொடுக்கலாம் பக்கத்தில் சேர்த்துக்கொண்டோம்.

எங்கள் நிபந்தனைகள் இரண்டு. கம்பத்துக்குக் கோடு மறுபடி போட வேண்டும், இரண்டு ஊரும் பார்க்கும்படி பட்டப்பகலில். ஷட்டருக்கு இனி பூட்டு கூடாது. பூட்டுக்குப் பதில் ஆள். மழை நாளில் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொருவர் அங்கே உட்கார வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து நான் வருகிறேன். மனசு இளகி வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் வருகிறேன். நம்பிக்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அதுவரை மழை காத்திருக்காது. இருபதாம் தேதி வாக்கில் மறுபடி கொட்டும் என்கிறார்கள்.

உங்கள் ஊரிலிருந்து யார் உட்காருவார்கள்?

இப்படிக்கு,
சம்பந்தி


நவம்பர் 12

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ள நிலத்துக்காரர்கள் நடுவில் படித்தேன். கரை விஷயம் வந்த இடத்தில் கூச்சல் எழுந்தது. வீடு விழுந்தவர்களில் ஒருவர், இப்போதே கிளம்பிக் கீழே போகலாம் என்றார். கூச்சல் அடங்கினதும் வெங்காயக்காரர் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "அந்த மேட்டு நிலத்துல தண்ணி வசதி உண்டா?" என்றார். உண்டு என்றேன். "இருக்கும்னு நீ சொல்றே. நான் போய்ப் பார்க்கணும்" என்றார். வெள்ளிக்கிழமை நான்கு பேரோடு வருவார். கிணற்றில் கயிறு விட்டு அளப்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோடு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போடுகிறோம். உங்கள் டேப்பையும் கொண்டுவாருங்கள், எங்கள் இரும்பு டேப்பும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் பெயின்ட். பூட்டை அறுத்து எடுத்துவிட்டேன். நான் செய்ததை நானே அறுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவள் சுத்தியலால் அடித்த தழும்பு அதில் பதினேழு இருந்தது.

எங்கள் ஊரிலிருந்து யார் உட்காருவது என்று கேட்டிருந்தீர்கள். பெயர் கேட்டபோது ஆளாளுக்குப் பக்கத்து ஆளைக் காட்டினார்கள். மழையில் இரண்டு மூன்று நாள் உங்களோடு உட்கார எங்கள் ஊரில் ஆண்களுக்குத் தைரியம் இல்லை. பதவி போன ஆள், பட்டறையில் வேலை இல்லாத ஆள், நான் வருகிறேன் என்றேன். "உன்னை நாங்க எப்படி நம்புறது?" என்றார்கள். "நம்ப வேண்டாம், எதிர்ல அவங்க இருக்காங்கல்ல" என்றேன். அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

மருமகள் நேற்று வீட்டுக்கு வந்தாள். வந்ததும் நோட்டைக் கேட்டாள். இடது கையால் எழுதிப் பழகுகிறாள். எண்கள் கோணல் மாணலாக இருக்கின்றன, ஆனால் எட்டும் ஒன்பதும் நன்றாகத் தெரிகின்றன.

ஷட்டர் பக்கத்தில் தகரம் போட்டு ஒரு சின்னக் கொட்டகை அடித்திருக்கிறேன். இரண்டு நாற்காலி போட்டாகிவிட்டது, எதிரெதிராக. தண்ணீரைப் பார்க்கிற வேலை உங்கள் மகளுடையது. நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
சம்பந்தி